முதல் ரத்தப் பரிசோதனையிலேயே தைராய்டும் சேரட்டும்

கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிந்து, பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண் வாங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுப்பது தமிழகப் பெண்களுக்குப் பழகிப்போன நடைமுறை. ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, எச்.ஐ.வி. எல்லாம் அந்த ஒரே ஊசியில் தெரிந்துவிடுகின்றன. அதே ரத்தத்தில் தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவையும் பார்த்தாக வேண்டும். ஒரு பெண்ணைக்கூட விடாமல், நாடு முழுவதற்கும் பொதுவான விதியாக, முடிந்தால் எட்டாவது வாரத்துக்குள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. கருவிலுள்ள குழந்தையின் தைராய்டு சுரப்பி ஏறத்தாழ 12ஆவது வாரத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது. தேவையான அளவுக்குச் சுரக்க 18 முதல் 20 வாரம் ஆகிறது. அதுவரை குழந்தையின் மூளை வளர்வது தாயின் தைராய்டு சுரக்கும் தைராக்சின் ஹார்மோனை நம்பித்தான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு, கர்ப்ப காலத்தில் தைராய்டு குறைபாட்டுக்குச் சிகிச்சை பெறாத தாய்மார்களின் குழந்தைகள் நுண்ணறிவுத் தேர்வில் மற்றவர்களைவிடச் சராசரியாக 7 புள்ளிகள் பின்தங்கியிருந்ததைக் காட்டியது. கருச்சிதைவு, குறைப்பிரசவம், உயர் ரத்த அழுத்தம் ஆகிய ஆபத்துகளும் கூடுகின்றன.

மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வகுத்த வழிகாட்டுதல், ஆபத்துக் காரணி உள்ள கர்ப்பிணிகளுக்கு மட்டுமே பரிசோதனை என்கிறது. முன்கழுத்துக் கழலை, குடும்பத்தில் தைராய்டு, முன்பு கரு கலைந்தது போன்றவை அந்தக் காரணிகள். அது போதாது. பிரிட்டனில் 2007இல் வெளியான ஓர் ஆய்வு, இப்படி வடிகட்டிப் பார்த்தால் குறைபாடுள்ளவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் தவறிவிடுவார் என்று கண்டது. அறிகுறியை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அசதி, தூக்கம், மலச்சிக்கல், எடை கூடுவது எல்லாமே கர்ப்பத்திலும் வருபவைதானே. ‘மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். எட்டு இந்திய நகரங்களில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. இத்தனை பரவலாக உள்ள நோயை ஆள் பார்த்துத் தேடுவது சரியல்ல.

லேசான குறைபாட்டுக்கு மாத்திரை கொடுத்தும் குழந்தைகளின் அறிவுத்திறன் கூடவில்லை என்று 2012, 2017 ஆண்டுகளில் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் சொல்வது உண்மை. எனவே, டி.எஸ்.எச். அளவு சற்றே ஏறிய எல்லோருக்கும் மாத்திரை எழுதித்தருவதை நாம் கேட்கவில்லை. ஆனால் முதல் ஆய்வில் சிகிச்சை தொடங்கியபோது சராசரியாக 13 வாரம் கடந்திருந்தது. இரண்டாவதில் ஏறத்தாழ 17 வாரம். தாயின் ஹார்மோன் தேவைப்பட்ட காலத்தின் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிட்டது. கடுமையான குறைபாடு இருந்தாலோ சிகிச்சை அவசியம் என்பதில் மருத்துவர்களிடையே இரண்டு கருத்து இல்லை. அந்தப் பெண்கள் யாரென்று தெரிவதற்குத்தான் இந்தப் பரிசோதனை.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்களின் நிலை இதைவிடக் கவலை தருகிறது. நாள் தள்ளிப்போனதும், குழந்தைக்கு ஆகாது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் நான்கு முதல் ஆறு வாரத்திலேயே தைராக்சின் தேவை 25 முதல் 50 சதவீதம்வரை கூடத் தொடங்குகிறது. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017ஆம் ஆண்டு பரிந்துரை, கர்ப்பம் எனத் தெரிந்ததுமே வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாக எடுத்துக்கொண்டு, உடனே மருத்துவரிடம் போகச் சொல்கிறது. அதன் பிறகு கர்ப்பத்தின் பாதிக் காலம்வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை; டி.எஸ்.எச். 2.5க்குக் கீழே இருக்க வேண்டும். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்குத் தைராய்டு மாத்திரை எழுதும் ஒவ்வொரு மருத்துவரும் இதை அன்றே சொல்லி, சீட்டிலும் எழுதித் தர வேண்டும். மகப்பேறு மருத்துவரைப் பார்க்கும்போது கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டால், அதற்குள் பல வாரங்கள் போய்விடும்.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்பதையும் யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும். காலையில் காபியோடு தைராய்டு மாத்திரை, கையோடு சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விழுங்கினால், இரும்பும் கால்சியமும் தைராக்சினைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுத்துவிடும். தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. மற்ற இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இது தெரியாததால் டி.எஸ்.எச். அளவு குறையாமல் இருக்க, நோய் முற்றிவிட்டதென்று டோஸை ஏற்றுவதும் நடக்கும். மாத்திரைகளை எடுத்துத் தரும் செவிலியரே இந்த நேரக் கணக்கையும் சொல்லித்தர வேண்டும்.

பிரசவமானதும் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்துக்கு முந்தைய மாத்திரை அளவே போதும். ஆறாவது வாரம் மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்களும் மாத்திரையைத் தொடரலாம். தாய்-சேய் நல அட்டையில் டி.எஸ்.எச்.சுக்குத் தனிக் கட்டம் ஒதுக்கி, முதல் பதிவு, மறுபரிசோதனைத் தேதிகள், ஆறாவது வாரப் பரிசோதனை மூன்றையும் அதில் குறிக்கச் செய்ய வேண்டும். 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதலைத் திருத்தும் பொறுப்பு மத்திய அரசுடையது. பதிவு முறையும் செவிலியர் வலையமைப்பும் கைவசமுள்ள தமிழக அரசு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.