வண்ணப் பாட்டிலும் அரைத் தேக்கரண்டி உப்பும்

கடந்த கோடையில், நீரிழிவு நோயுள்ள அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவரை அவருடைய மகன் எங்கள் சிறுநீரகப் பிரிவுக்கு அழைத்து வந்தார். இரண்டு நாள்களாக வயிற்றுப்போக்கு. "தெம்பு வரட்டும் என்று விளையாட்டு வீரர்கள் குடிக்கும் பானத்தைத்தான் கொடுத்தேன், டாக்டர்" என்றார். நாளொன்றுக்கு நான்கு பாட்டில். பெரியவரின் நாக்கு வறண்டிருந்தது. சிறுநீர் வெகுவாகக் குறைந்திருந்தது. இரத்தச் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. மகன் கவனிப்பில் குறை வைக்கவில்லை. பாட்டிலை மருந்தென்று நம்பிவிட்டார்.

அவ்வகைப் பானம் நோயாளிக்காகப் பிறந்ததன்று. 1965-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில், வெயிலில் ஆடிக் களைத்த விளையாட்டு வீரர்களுக்காக உருவாக்கப்பட்டது. பெரும்பாலான பானங்களில் லிட்டருக்குச் சுமார் 60 கிராம் சர்க்கரை இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கரைசலிலோ குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. சோடியம் மும்மடங்குக்கும் மேல். அந்தச் சிறிதளவு குளுக்கோஸ் இனிப்புக்காக அன்று; குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சுவதற்கு அது துணை. அளவு மீறினால் சர்க்கரையே குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை மிகுவிக்கும். உரிய கலவையில்லாத பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற சொல் இடம்பெறக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டதை நான் மனமார வரவேற்கிறேன்.

அப்படியானால் வீட்டில் தயாரிப்பதே மேலா? வியர்வைக்கு, ஆம். வயலிலோ மைதானத்திலோ நெடுநேரம் உழைத்தவருக்கு உப்பிட்ட நீர்மோரும் நீராகாரமும் எந்தப் பாட்டிலுக்கும் குறைந்தவை அல்ல. அரைமணி நேர நடைப்பயிற்சிக்கு வெறும் தண்ணீரே போதும்.

வயிற்றுப்போக்குக்கு என் விடை வேறு. முதலில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது இலவசமாகவே கிடைக்கும். ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுவதுமாக ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். தம்ளருக்குக் கொஞ்சமாகத் தூவிக் கரைக்கலாகாது. நள்ளிரவில் பொட்டலம் கிடைக்காவிடில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டும் தலைதட்டிய அளவு. நம் பாட்டிமார்களின் கைப்பக்குவம் குழம்புக்குச் சரி, இங்கே வேண்டாம். உப்பு கூடிப்போனால் குழந்தைக்கு வலிப்பே வரக்கூடும். எதுவாயினும் 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது.

சிறுநீரகம் அல்லது இதய நோயுள்ளோர் இவற்றில் எதையும் தாமாகத் தொடங்க வேண்டாம். 'இயற்கையானதுதானே' என்று டயாலிசிஸ் நோயாளிக்கு இளநீர் கொடுத்துவிட்டு, பொட்டாசியம் ஏறி நெஞ்சு படபடக்க அழைத்து வருவோரைக் கோடைதோறும் காண்கிறேன். அவர்கள் முதலில் எங்களைத் தொலைபேசியில் அழைக்கட்டும், நேரம் எதுவாயினும்.