பி.எச்டி. முடிச்சாச்சு, இன்னும் என்ன படிப்பு?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண் இயற்பியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டாள். அடுத்து கரும்பொருள் ஆய்வில் ‘போஸ்ட் டாக்’ வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். தலைப்பில் இருப்பது அவள் வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி. நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவன்தான். படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. போஸ்ட் டாக் படிப்பு அல்ல, வேலை. பரீட்சை இல்லை, பீஸ் இல்லை. பெரும்பாலும் 2 அல்லது 3 ஆண்டு ஒப்பந்தம். மத்திய அரசின் ஆராய்ச்சித் திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட்டுக்கு 2023 ஜனவரி முதல் ஆரம்பமே மாதம் 58,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி.

கரும்பொருள் என்றால் என்ன? பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு ஒளி விடாதது, கண்ணுக்குத் தெரியாதது. அதன் ஈர்ப்பு மட்டும் தெரிகிறது. அது என்னவென்று இதுவரை யாரும் நேரடியாகக் கண்டுபிடிக்கவில்லை. வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் விழுவதால் தரைக்கு மேல் இதைத் தேடுவது பெரும்பாலும் கடினம். அதனால் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். பாறை அந்தக் கதிர்களைத் தடுக்கும். கரும்பொருள் பாறையையும் ஊடுருவி வரும் என்பது கணக்கு.

அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் பழைய தங்கச் சுரங்கத்தில், ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், 10 டன் செனானை வைத்துக் காத்திருக்கிறார்கள். நம் நாட்டில் ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், சாஹா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகம் 2017 முதல் இருக்கிறது.

இது யாரோ வெளிநாட்டுக்காரர் விஷயம் என்று நினைக்காதீர்கள். ஜோலார்பேட்டை தாண்டி பங்காருப்பேட்டையில் வண்டி மாறினால் கோலார் தங்கவயல். 1965-இல் அங்கே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். உலகிலேயே முதல் பதிவுகளில் அது ஒன்று. அந்தச் சுரங்கத்தைத் தோண்டியவர்களில் எத்தனையோ பேர் நம் பழைய வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள். 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தேனி நியூட்ரினோ திட்டமும் 2015-இல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்று, எதிர்ப்பால் நின்றுபோனது. ஆகவே இந்தப் பெண் தூரம்தான் போக வேண்டும்.

பெற்றோரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்ததும் பேராசிரியர் வேலை நிச்சயம் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். ஆனால் கைத்தொழில் வந்துவிடும். வெற்றிடக் கருவி, கடுங்குளிர்க் கருவி, மின்னணுச் சுற்று, தரவுக் கணக்கு எல்லாம் பழகும். ஆஸ்பத்திரி பெட் ஸ்கேனும் அடிப்படையில் கதிர்வீச்சைப் பிடிக்கும் கருவிதானே? டேனரி வேலையைப் புத்தகத்தில் படித்து யார் கற்றார்கள்? மேஸ்திரி பக்கத்தில் நின்றால்தான் கைக்கு வரும். சோதனை இயற்பியலும் அப்படித்தான்.

மகன் 2 வருட கான்ட்ராக்டில் சவூதிக்குப் போனால் பிரியாணி போட்டு அனுப்பி வைக்கிறோம். மகள் 2 வருட கான்ட்ராக்டில் ஆய்வகத்துக்குப் போகிறேன் என்றால் மட்டும் ஏன் கையைப் பிசைகிறோம்?

உறவினர்களே, “கல்யாணம் எப்போது?” என்பதை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை வருடம்? மருத்துவக் காப்பீடு உண்டா? தங்க இடம் பாதுகாப்பானதா? கருவியில் உன் கை படுமா, கணினி வேலை மட்டும்தானா? இதற்கெல்லாம் நல்ல பதில் வந்தால் மனதாரப் போகச் சொல்லுங்கள்.

ஆராய்ச்சித் துறையில் இருக்கும் என் மாணவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அந்தப் பெண்ணும் அவள் அப்பா அம்மாவும் படிப்பார்கள்.