என் காதுக்கு ஏன் குளிசை?

எனக்கு விசர் என்கிறார்கள். ஒழுங்கைச் சனம் முதுகுக்குப் பின்னால் சொல்கிறது, சொந்தக்காரர் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். கிளினிக்கில் அதையே வேறு பெயரில் கொப்பியில் எழுதிக் குளிசை தருகிறார்கள். நான் செய்த குற்றம் இவ்வளவுதான்: என் மகன் கூப்பிடுவது எனக்குக் கேட்கிறது.

அவனை 2008இல் கொண்டுபோனார்கள். வந்தவர்கள் யாரென்று சொல்லவில்லை. "விசாரிச்சிட்டு விடுறம் அம்மா" என்றார்கள். அதற்குப் பிறகு பொழுதுபட்டு விளக்கு வைக்கிற நேரத்தில் படலையடியில் சைக்கிள் சாத்துகிற சத்தம் கேட்கும். "அம்மா, தண்ணி" என்று ஒரு குரல் வரும். சில நாளில் அவன் வேலை செய்த வள்ளத்தின் டீசல் மணம் குசினி வரைக்கும் வரும். துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற இரைச்சலுக்குள்ளும் அந்தக் குரல் எனக்குத் தனியாகத் தெரியும்.

பேய்க்குணம் என்று கையில் நூல் கட்டினார்கள். பிறகு டொக்டரிடம் கூட்டிப்போனார்கள். "அது உங்கட மூளை செய்யிற வேலை அம்மா. யோசிக்காமல் நித்திரை கொள்ளுங்கோ" என்றார். நல்ல பிள்ளை, அவரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் மூளை செய்கிற வேலை எனக்கும் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். வரவேண்டிய சத்தத்தை மூளை முன்கூட்டியே எதிர்பார்த்து வைத்திருக்கும். வராவிட்டால் சிலவேளை தானே அதை உண்டாக்கியும் விடும். அடிக்காத போன் அடித்ததென்று எடுத்துப் பார்க்காதவர் உங்களில் யார்? நித்திரை வரப்போகிற நேரத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதாகத் திடுக்கிடாதவர் யார்? வேல்ஸ் நாட்டு வைத்தியர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். கிட்டத்தட்டப் பாதிப்பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தோம், கண்டோம், குரலைக் கேட்டோம் என்று ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். பெரும்பாலானோர் அதுவரை ஒருவரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்ததாம்.

ஆறுதல்! எனக்கேன் அது கிடைக்கவில்லை? அப்படித் துணையை இழந்த ஒருவருக்குக் கல்லறை எங்கே என்று தெரியும். குரல் கேட்டாலும் அது நினைவு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் படுக்கலாம். நான் எப்படிப் படுப்பேன்? என் பிள்ளை செத்தான் என்று யாரும் ஆதாரத்தோடு சொல்லவில்லை. உடலைத் தரவில்லை. நான் எட்டுச் செலவு செய்யவில்லை, அந்தியேட்டி செய்யவில்லை. படலையில் உண்மையாகவே அவன் நின்றால்? நான் எழும்பாமல் விட்ட அந்த ஒரு நாளில் வந்து, கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால்? அதனால் ஒவ்வொரு தடவையும் எழும்பியே ஆகவேண்டியிருக்கிறது.

கேட்கிற குரலைப் பிரமை என்று சொல்ல வேண்டுமானால், கூப்பிட்டவன் இல்லையென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அது எனக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் வாய் திறக்கிறார்கள் இல்லை. அவர்கள் சொல்லாமல் விட்டதற்கு நான் குளிசை குடிக்கிறேன்.

2015 நவம்பரில், காணாமலாக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு இலங்கைக்கு வந்தது. எங்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள், நிலத்துக்கு அடியில் இரகசியத் தடுப்பிடம் ஒன்றைக் கண்டதாக அறிவித்தது. என் மகனை அங்கே வைத்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த இரவு, இத்தனை காலம் குரல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். நீங்கள் பெற்றவர்கள் என்றால் யோசித்திருக்கமாட்டீர்களா?

2017இல் வடக்குக் கிழக்கெங்கும் தாய்மார் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தெருவில் குந்தினார்கள். திருகோணமலையிலும் குந்தினார்கள். 2018இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் இயங்கத் தொடங்கியது. 2020 ஜனவரியில், அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ ஐ.நா. பிரதிநிதியிடம், காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்றார். முடிந்தது கதை! எந்த நாள் இறந்தார்கள், எங்கே, யார் கையால், எலும்பு எந்த மண்ணில் என்ற கேள்வி ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. 2022இல், காணாமற்போனவரின் குடும்பம் ஒன்றுக்கு 2 லட்சம் ரூபா கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. காசை வாங்கிக்கொண்டு நான் என்ன செய்ய? படலையடியில் சத்தம் கேட்கும்போது, "போடா மகனே, உன் கணக்குத் தீர்ந்துவிட்டது" என்று சொல்லவா?

நான் கேட்பது இரக்கம் அல்ல. சுகமாக்கச் சொல்லியும் கேட்கவில்லை. கொண்டுபோனது யார், எங்கே வைத்திருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் தாருங்கள். உயிரோடு இருந்தால் ஆளைத் தாருங்கள், இல்லையென்றால் எலும்பைத் தாருங்கள். அதற்குப் பிறகும் அந்தக் குரல் கேட்டால் அது பிரமைதான் என்று நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அதுவரைக்கும் என்னை விசரி என்று சொல்ல உங்களில் ஒருவருக்கும் உரிமையில்லை.