கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு

வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று வருவோரிடம் 'நீரைக் கொதிக்க வைத்துப் பருகுங்கள்' என்கிறோம். அது கிருமிகளுக்கான அறிவுரை. ஈயமும் காட்மியமும் குரோமியமும் கொதிநீரில் அழிவதில்லை. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடவே செய்யும்.

காட்டுப்பாக்கத்தார்க்கு இது தொலைதூரச் செய்தி அன்று. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட செம்பரம்பாக்கம் ஏரி நமக்கு அருகில்தான் உள்ளது. மேற்கே உள்ள ஏரிகளின் உபரிநீர் கால்வாய்கள் வழியே அதில் வந்து சேர்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளும் அத்திசையிலேயே அமைந்துள்ளன. ஏரி நஞ்சாகிவிட்டது என்று நான் கூறவில்லை. காவல் எங்கே நிற்க வேண்டும் என்பதே என் கேள்வி.

உலோகம் வண்டலோடு ஒட்டிக்கொண்டு அடியில் படியும். மேல்நீர் தெளிவாக இருக்கையிலேயே அடிச்சேற்றில் அது பல ஆண்டுகள் சேரக்கூடும். வெள்ளம் கலக்கினால் மேலெழும். ஆகவே ஏரி நீரை மட்டும் சோதித்தால் போதாது. ஒவ்வொரு வரத்துக்கால்வாயின் முகப்பிலும் வண்டலைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவுகளை ஊராட்சி அலுவலகங்களில் தமிழில் ஒட்ட வேண்டும். கிராமசபையில் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

செலவாகுமே என்பர். இராணிப்பேட்டையைப் பாருங்கள். 1990களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேல். குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கிவிட்டது. ஜப்பானின் ஜின்சு ஆற்றில் சுரங்கத்திலிருந்து கலந்த காட்மியம் நெல்வயல்களில் ஏறி, உண்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்து எலும்பை நொறுக்கியது. வலி தாளாமல் அவர்கள் அலறிய 'இதாய் இதாய்' என்பதே நோயின் பெயராயிற்று. அரசு அதை ஒப்புக்கொண்ட ஆண்டு 1968. அதற்குள் பல பதிற்றாண்டுகள் கடந்திருந்தன.

மருத்துவரால் ஆவது சிறிதே. இரத்தத்தில் மிகுந்த ஈயத்தை வெளியேற்ற மருந்து உண்டு. குழந்தையின் மூளைக்கு நேர்ந்த இழப்பை மீட்க மருந்து இல்லை. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என இந்தியத் தர நிர்ணயம் வரையறுப்பது அதனால்தான்.

பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைக் காயலான் கடைக்குக் கொடாமல் விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதனைக்குத் தருவோர், கன உலோகங்களையும் பார்க்குமாறு தனியே எழுதிக் கேளுங்கள். வழக்கமான சோதனையில் பெரும்பாலும் உப்பும் கடினத்தன்மையும் கிருமியுமே பார்க்கப்படுகின்றன.