இலக்கணமும் பிரம்பும்

கலைப்பயிற்சி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே தவறாது தலைகாட்டும் வாதங்கள் இரண்டு உள்ளன. அயலார் கலையொன்றைப் பயில்பவனைக் கண்டதும் 'போலி' என்று முத்திரையிடுவது ஒன்று. ஆசானொருவன் மாணவரை வருத்தி வெற்றி கண்டான் எனக் கேட்டதும் 'அடியாத மாடு படியாது' என்று தலையசைப்பது மற்றையது. முன்னையது தேசாபிமானம் என்ற பெயரிலும் பின்னையது அனுபவ ஞானம் என்ற பெயரிலும் மதிப்புடன் உலாவுகின்றன. இவ்விரண்டும் ஒருங்கே பொய்த்துப்போகும் இடமாக, இரண்டாம் உலகப் போரின் சாம்பல் ஆறுமுன்னர் ரோக்கியோவில் ஒரு செலோ ஆசிரியர் சிறுவரைக் கூட்டி அமைத்த பல்லியத்தைக் காட்டலாம்.

சைற்றோ ஹிடேயோ 1902இல் பிறந்து 1974இல் மறைந்தவர். அவருடைய தந்தையார் ஹிடேசபுரோ ஆங்கில இலக்கணத்தையும் மரபுத்தொடர்களையும் வாழ்நாள் முழுவதும் அலசி ஆராய்ந்தவர். 1928இல் பெரியதொரு யப்பானிய-ஆங்கில அகராதியை வெளியிட்டவர். அயல்மொழியொன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து அதன் விதிகளைக் காணும் பழக்கம் அவ்வீட்டின் காற்றிலேயே இருந்தது போலும். மகன் எடுத்துக்கொண்டது மொழியையன்று. முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இழைக்கும் தாழ்குரற் கருவியாகிய செலோவை. இருபதுகளில் லைப்சிக் நகரில் ஜூலியஸ் கிளெங்கலிடமும், 1930 முதல் பேர்லினில் இமானுவேல் பொயர்மானிடமும் பயின்றார். இடையிலும் பின்னரும் ரோக்கியோவின் புதிய சிம்பொனிப் பல்லியத்தில் முதன்மைச் செலோ வாசிப்பாளராக அமர்ந்தார். 1936இல் அப்பல்லியத்தை நெறிப்படுத்த வந்த ஜோசப் ரோசன்ஸ்ரொக்கிடமிருந்து கோல்பிடிக்கும் கலையையும் கற்றார். தேர்ந்த வாசிப்பாளர் என்ற பெயரோடு அவர் அமைதியாக வாழ்ந்து முடித்திருக்கலாம்.

1948இல், விமரிசகர் யொஷிடா ஹிடேகசு, பியானோக் கலைஞர் இகுச்சி மொற்றொனாரி முதலியோருடன் சேர்ந்து 'சிறுவர்க்கான இசை வகுப்பு' ஒன்றை அவர் தொடக்கினார். சொந்தக் கட்டடம் இல்லை. இரவல் இடத்திலேயே வகுப்பு நடந்தது. அதுவே 1952இல் தோஹோ உயர்நிலைப் பாடசாலையின் இசைப்பிரிவாகவும், 1955இல் குறுங்காலக் கல்லூரியாகவும், 1961இல் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. இவ்வளர்ச்சியின் உயிர்நாடி தனிப்பாடமன்று. தந்திக் கருவி பயிலும் சிறுவரை ஒருங்கே அமர்த்தி வாசிக்கச் செய்த மாணவர் பல்லியமே அது. மொஸாற் தமது பதினாறாம் வயதில் இயற்றிய, கோஷெல் அட்டவணையில் 136ஆம் எண் பெற்ற டிவெர்ற்றிமென்ரோ போன்ற எளிய ஆக்கங்களை அப்பல்லியம் திரும்பத் திரும்ப வாசித்தது. ஒரு வில்லிழைப்பு எங்கே கனக்க வேண்டும், ஒரு சொற்றொடர் எங்கே மூச்சுவிட வேண்டும், முன்னெடுப்புச் சுரம் எதை நோக்கிச் சாய்கிறது என்பன ஒவ்வொன்றும் பேசப்பட்டன, காரணம் காட்டப்பட்டன.

'போலி' என்போர் கவனிக்கத் தவறுவது இக்காரணங்காட்டலையே. யப்பானில் மேனாட்டிசையைப் பிரதிபண்ணும் முயற்சி சைற்றோவுக்கு வெகுகாலம் முந்தியது. மெய்ஜி அரசு 1879இல் இசை ஆய்வுக்கென ஓர் அலுவலகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே அமெரிக்கரான லூதர் வைற்றிங் மேசனை வரவழைத்துப் பாடசாலைப் பாடல்களைத் தொகுப்பித்தது. அரசுக்கு வேண்டியிருந்தது மேனாட்டிசை தந்த பயன். அவ்விசையின் உள்ளியல்பு பற்றி அதற்குக் கவலை இருந்திருக்க நியாயமில்லை. அதனைப் போலிமை என்று யாரேனும் சொல்வராயின் மறுப்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் சைற்றோ எழுப்பிய வினா வேறு. வியன்னாவிற் பிறந்த குழந்தை தேவாலயத்திலும் வீட்டிலும் நடனக் கூடத்திலும் கேட்டுக் கேட்டே ஒரு சொற்றொடரின் ஏற்ற இறக்கத்தை அறிந்துகொள்கிறது. அதனை அறிந்திருப்பதாகவே அது அறியாது. ரோக்கியோக் குழந்தைக்கு அந்தச் செவிப்பழக்கம் இல்லை. அந்தக் குறையை ஒளிக்காது ஏற்றுக்கொண்டு, உள்ளூரார் விளக்கத் தேவையில்லாதிருந்தவற்றையெல்லாம் விளக்க முற்பட்டதே அவருடைய துணிவு.

தமிழ் பயின்றோர்க்கு இது புதுமையாகத் தோன்றலாகாது. கொடுந்தமிழுக்கு, அதாவது மக்கள் நாவில் வழங்கும் பேச்சுக்கு, இலக்கணம் எழுதியவர் இத்தாலியிற் பிறந்த வீரமாமுனிவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டவர் கால்டுவெல். பிறந்த வீட்டு மொழியாக அதனைப் பெறாதவர்க்கே அதன் விதியைக் கண்டாக வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படுகின்றது. வீரமாமுனிவரைத் தமிழின் போலி என்று எவரும் சொல்வதில்லை. சைற்றோவை மாத்திரம் மொஸாற்றின் போலி என்பது எந்த நியாயம்? மேலும், பாலுசுவாமி தீட்சிதர் கையிலெடுத்த நாள்முதலாகக் கருநாடக இசையின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் வயலின் எங்கிருந்து வந்ததென்பதை இவ்வாதம் செய்வோர் கச்சேரி கேட்கும்போது மறந்துவிடுகின்றனர்.

இக்குற்றச்சாட்டின் மறுபாதி மேனாட்டாரிடமிருந்து வருவது. கீழைத்தேய வாசிப்பாளர் பிழையின்றி வாசிப்பர், ஆயின் உயிரின்றி வாசிப்பர் என்பது அங்கே நெடுநாளாக நிலவும் தீர்ப்பு. பயிற்சியை இலக்கணமாக வகுத்த சைற்றோவே இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அவர் 1956இல் வெளியிட்ட நெறிப்படுத்தற் பாடநூல் கையசைவுகளை இனம் பிரிக்கிறது: தட்டுதல், அள்ளுதல், சீராக நகர்தல் என்றவாறு. தட்டுதலில் கை ஒரு புள்ளியை நோக்கி விரைவு கூடியவாறே விழுகிறது, தொட்டவுடன் துள்ளி எழுகிறது; வாசிப்போர் அப்புள்ளி வருமுன்னரே அது எப்போது வருமென்பதை உணர்கின்றனர். எறிந்த பந்தின் இயக்கத்தை விளக்குவதுபோல் இசையின் இயக்கத்தை விளக்கும் இந்நூலைப் பார்த்து 'இயந்திரம்' என்று முகஞ்சுளித்தவர்கள், அதிலிருந்து புறப்பட்டவர்களைப் பார்த்திருக்க வேண்டும். 1959இல் பிரான்சின் பெசான்சொன் போட்டியில் முதலிடம் பெற்று, 1973 முதல் 2002 வரை பொஸ்ரன் சிம்பொனிப் பல்லியத்தின் இசை இயக்குநராக இருந்த செய்ஜி ஒஸாவா, உடல் முழுவதையும் இசைக்கு ஒப்புக்கொடுத்து ஆடியவர். அவருடன் பயின்ற அக்கியாமா கசுயொஷியின் கோல் சிக்கனமானது. செலோ மாணவர் ற்சுற்சுமி ற்சுயொஷி 1963இல் புடாபெஸ்ற்றில் நடந்த கசால்ஸ் போட்டியில் வென்றவர். 1969இல் நியூயோர்க்கின் ஜூலியார்ட்டில் உருவான ரோக்கியோ நால்வர் குழுவின் தொடக்க உறுப்பினரும் தோஹோவிலிருந்து வந்தவர்களே. இமாய் நொபுக்கோவின் கதை இன்னும் சுவையானது. வயலின் மாணவியாக அவர் பல்லியத்துடன் அமெரிக்கா சென்றபோது, ரங்கிள்வூட்டில் ஸ்ற்றோஸின் 'டொன் கீஹோற்றே'யில் வியோலாவின் குரலைக் கேட்டு, தம் கருவியையே மாற்றிக்கொண்டார். இயந்திரங்கள் இப்படி மனம் மாறுவதில்லை. நன்னூலை மனனம் செய்தவரெல்லாம் கம்பராவதில்லை என்பது மெய். அதற்காகப் பவணந்தியார்மீது வழக்குத் தொடுப்பார் இல்லை.

இதுவரை சைற்றோவின் பக்கம் நின்று வாதிப்பது எளிது. இனித்தான் சங்கடம். அவருடைய அபிமானிகள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் பெரும்பாலும் இலக்கணமன்று, பிரம்பு. அவர் கடுமையானவர் என்பது மறைக்கப்பட்ட செய்தியன்று. கோலால் அடிபடுவதும், இசையேடு தம்மீது எறியப்படுவதும் மாணவர்க்கு வழக்கமாயிருந்தன. ஒஸாவா அவருக்கு உறவுமுறையானவர். அவ்வுறவு அவரைக் காக்கவில்லை. மன அழுத்தம் தாளாது அவர் ஒருநாள் தம் வீட்டுப் புத்தக அலுமாரியின் கண்ணாடிக் கதவை முட்டியாற் குத்திப் பலத்த காயமுற்றார். இச்சம்பவத்தைச் சொல்வோர் பலர் இதனை ஒரு வீரகதையின் முதல் அத்தியாயம்போற் சொல்கின்றனர். கையில் குருதி வடிய நின்ற இளைஞன் பின்னாளில் பொஸ்ரனுக்குச் சென்றதனால் குருதி நியாயமாகிவிட்டது!

இந்த வாதத்தின் ஓட்டை எங்கே உள்ளது? 1984இல், ஆசான் மறைந்து பத்தாண்டு நிறைவுற்றபோது, ஒஸாவாவும் அக்கியாமாவும் உலகெங்கும் பரந்திருந்த பழைய மாணவரை அழைத்து நினைவுக் கச்சேரிகள் நடத்தினர். நூற்றுக்கு மேற்பட்டோர் திரண்டனர். சைற்றோ நினைவுப் பல்லியம் அவ்வாறே பிறந்தது. மேடையில் இருந்தோரைக் கண்டு 'கடுமை பலித்தது' என்பது, போரிலிருந்து மீண்டோரை மட்டும் எண்ணிவிட்டுப் போர் உடம்புக்கு நல்லது என்பதை ஒக்கும். கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவன் நினைவுக் கச்சேரிக்கு வருவதில்லை. பின்வரிசையில் அஞ்சி அஞ்சி வில்லிழுத்து, பின்னர் இசையென்றாலே நெஞ்சு படபடக்க வாழ்ந்த ஒரு சிறுமி இருந்திருப்பாளாயின், அவளுடைய பெயரை எந்த நிகழ்ச்சி நிரலும் அச்சிடப்போவதில்லை. கணக்கில் அவளும் சேர்க்கப்படும்வரை 'பலித்தது' என்ற சொல்லைப் பயன்படுத்த எவர்க்கும் உரிமையில்லை.

கடுமையே காரணம் என்பதற்கு இன்னொரு தடையும் உண்டு. அதே காலத்தில், அதே நாட்டில், அதே வினாவிலிருந்து புறப்பட்ட மற்றொருவர் சுசூக்கி ஷினிச்சி. அவரும் பேர்லினிற் பயின்றவர். போர் முடிந்தபின் மற்சுமோற்றோ நகரைத் தளமாகக் கொண்டவர். தாய்மொழியைக் குழந்தை கற்கும் வகையிலேயே இசையையும் கேட்டும், பெற்றோரின் அரவணைப்பிலும், பாராட்டிலும் கற்கலாம் என்றார். சைற்றோவுடையது இலக்கண வழியெனில் சுசூக்கியுடையது தாலாட்டு வழி. 1964ஆம் ஆண்டில் சுசூக்கியின் சிறுவர் பதின்மரும் அமெரிக்கா சென்று வாசித்தனர், சைற்றோவின் மாணவர் பல்லியமும் அமெரிக்கா சென்று வாசித்தது. இரு சாராரும் கேட்போரை வியக்கவைத்தனர். பிரம்பில்லாத இடத்திலும் வியப்பு விளையுமெனின், வியப்புக்குக் காரணம் பிரம்பு என்பது எவ்வாறு? சுசூக்கியின் வழியில் குறைகள் இல்லையென்பதன்று. பார்த்து வாசிக்கும் திறன் பிந்தியே வருகிறது என்றும், ஒரே அச்சில் வார்த்த வாசிப்பு என்றும் அதன்மேல் கூறப்படுவன முற்றிலும் ஆதாரமற்றனவல்ல. இங்கு வேண்டியது ஒப்பீடு மாத்திரமே.

கீழ்ப்படிதலைக் கீழைத்தேயப் பண்பாடாகப் போற்றுவோர் 1962ஆம் ஆண்டையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவ்வாண்டின் இறுதியில், சைற்றோ ஒருகாலத்தில் அமர்ந்து வாசித்த பல்லியத்தின் வழித்தோன்றலான என்.எச்.கே. சிம்பொனிப் பல்லியத்தினர், இருபத்தேழு வயதான ஒஸாவாவின் கோலின்கீழ் வாசிக்க மறுத்தனர். டிசெம்பர் மாதக் கச்சேரிகள் நடைபெறவில்லை. மூத்தோர்க்கு இளையோர் பணிதல் வேண்டும் என்ற அதே ஒழுங்குதான் அன்று அவர் முகத்திலறைந்தது. இவ்வொழுங்கு இசையை வளர்க்கும் என்போர் அந்த வெறும் மண்டபத்துக்குப் பதில் சொல்லட்டும்.

செலோவும் பியானோவும் வாங்கத்தக்க வீட்டுப் பிள்ளைகளே இத்தகைய வகுப்புகளில் மிகுதியாக நுழைய முடியும் என்ற வர்க்க உண்மையைச் சைற்றோவும் சுசூக்கியும் தீர்க்கவில்லை. கருவியைப் பிள்ளையின் கையில் இலவசமாகக் கொடுத்து, ஏழைக் குடியிருப்புகளிலிருந்தே பல்லியங்களைத் திரட்டும் முயற்சி 1975இல் வெனிசுவேலாவில் ஹொசே அந்தோனியோ அப்ரேயுவினால் தொடங்கப்பட்டது. அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள். அங்கும் பிரம்பு பற்றிய வினா எழாமலில்லை.

சைற்றோவிடம் எஞ்சி நிற்பது என்ன? சிறுவரைத் தனித்தனியே அரங்கேற்றும் வித்தகராக்காது, முதலில் பிறர் வாசிப்பைக் கேட்கும் செவியினராக்கியமை. தாம் அறிந்ததை 'உணர்வு' என்ற மந்திரச்சொல்லால் மூடாது, சொல்லாலும் கையசைவாலும் திறந்து காட்டியமை. அவர் கூறிய விதி தவறெனில் மாணவன் அதனை மறுக்கலாம். ஏனெனில் அது விதியாகக் கூறப்பட்டது. ஆசானின் 'உணர்வை' எவனும் மறுக்க முடியாது. அதற்குப் பணியத்தான் முடியும். அவருடைய இலக்கணம் மாணவனை விடுவிக்க வல்லது; அவருடைய கோபம் அவனைக் கட்டியது. ஒரே மனிதர் ஒரே அறையில் இரண்டையும் செய்தார். அபிமானிகள் இவற்றைப் பிரிக்க மறுப்பதற்குக் காரணம், கோபம் கொள்ளுதல் எவர்க்கும் எளிது, இலக்கணம் காணுதல் அவ்வளவு எளிதன்று என்பதே. சைற்றோவைப்போல் ஏடெறியும் ஆசிரியர் எத்தனையோ பேர் இருக்கின்றனர். எறியுமுன் அந்த ஏட்டின் ஒவ்வொரு சுரத்தையும் சைற்றோவைப்போல் அலசியவர் எத்தனை பேர்?

1974ஆம் ஆண்டுக் கோடையில், நோய் முற்றியிருந்த நிலையிலும், அவர் மாணவரின் பயிற்சி முகாமுக்குச் சென்று பல்லியத்தின் முன் அமர்ந்தார். செப்ரெம்பரில் இறந்தார். 1992இல் அவர் பெயரால் ஆண்டுதோறும் இசைவிழா எடுக்க ஓர் ஊர் தெரிவுசெய்யப்பட்டது. அது சுசூக்கியின் ஊரான மற்சுமோற்றோவே. 2015இல் அவ்விழாவின் பெயர் மாற்றப்பட்டு, புகழ்பெற்ற மாணவராகிய ஒஸாவாவின் பெயர் சூட்டப்பட்டது. ஒஸாவாவும் 2024இல் மறைந்தார். அங்கு வாசிக்கும் பல்லியம் மாத்திரம் இன்னும் செலோ ஆசிரியரின் பெயரையே தாங்கியுள்ளது.