கதைக்கு முன்னால் கதிரை

போன ஞாயிறு இங்கே ரொறன்ரோவில் ஒரு கோயில் மண்டபத்தில் கூட்டம். 13 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ஐந்து நாள் கோடைகால சமய முகாம் நடத்துவது பற்றி. மேசையைச் சுற்றி ஒன்பது பேர். அந்த வயதுக்காரி ஒருத்தியும் இல்லை.

நிரலில் கோலம், பூமாலை, சமையல், தேவாரம். பெடியளின் முகாமில் படகோட்டம் இருக்கிறதே என்றேன். "பெண்பிள்ளைகள்தானே தம்பி, பாதுகாப்பு" என்றார் ஒரு மாமா.

அதுகூடப் பரவாயில்லை. கடைசி வரி: மாதவிடாய் வந்தவர்கள் காலைப் பூசைக்கு வராமல் அறையில் இருக்கலாம். முப்பது பிள்ளைகள் என்றால் கணக்குப் பாருங்கோ, ஒவ்வொரு நாளும் நாலைந்து பேர் அறையில். யாருக்கு என்ன என்று மற்ற எல்லாருக்கும் தெரியும். பதின்மூன்று வயதில் அந்த அவமானத்தோடுதான் சிவபெருமானை அறிமுகப்படுத்தப் போகிறோமா? "ஆசாரம்" என்றார்கள். கருவறை பற்றிய வழக்கு வேறு. இது ஏரிக்கரையில் வாடகைக்கு எடுத்த கூடம், மடிப்பு மேசையில் ஒரு சாமிப்படம்.

கதைநேரத்துக்குக் காரைக்கால் அம்மையார். நல்லது. ஆனால் மாம்பழத்தோடு முடித்துவிடுகிறார்கள். கணவன் பயந்து விலகியதும், அழகைக் கழற்றிப் பேயுருவைக் கேட்டு வாங்கியதும், அற்புதத் திருவந்தாதியில் 101 பாட்டுப் பாடியதும் நிரலில் இல்லை. போன் கமராவில் முகத்தை நூறு தரம் பார்க்கும் பிள்ளைக்கு அந்தப் பகுதிதானே வேண்டும்!

அடுத்த கூட்டம் சனிக்கிழமை. தங்கச்சிமாரே, இரண்டு பேராவது வாங்கோ. கதிரை பிடித்து வைக்கிறேன்.