மலையூர்களின் அமைதி

ஐரோப்பிய நாடுகளிற் குடியேறி வாழும் நம் பழைய மாணவருட் சிலர், கோடை விடுமுறையை ஸ்பெயின் தேசத்தின் தென்கரையிலே கழிப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளனர். கடலும் வெயிலும் தாராளமாகக் கிடைக்குமிடம் அதுவாதலின், அவர்மீது குறை கூறுதற்கில்லை. ஆயின், அக்கரையின் பின்னே நிற்கும் மலைகளிலுள்ள சிற்றூர்களைப் பற்றி வினவினால், “அரை நாள் போதும், வெள்ளைச் சுவரும் பூச்சாடியும் அமைதியுமேயன்றி அங்கே வேறொன்றுமில்லை” என்று விடையிறுக்கின்றனர். உல்லாசப் பிரயாணிகளுக்கென அச்சிடப்படும் துண்டுப் பிரசுரங்களும் அவ்வமைதியையே விலை கூறி விற்கின்றன. அவ்வமைதி மலையிலே தானாக முளைத்த பொருளன்று. அஃது எவ்வாறு வந்ததென அறியாது போய் மீள்வது போனதாகாது என்பது எமது கருத்து.

நெர்ஹா என்னும் பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். மாலகா நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது அது. மீன்பிடித்தலையும் கரும்புச் செய்கையையும் நம்பி வாழ்ந்த அவ்வூர், 1959ஆம் ஆண்டு சனவரி மாதம் 12ஆந் திகதி இளைஞர் ஐவர் பெருங்குகையொன்றைக் கண்டுபிடித்த பின்னர் வெளியுலகின் கண்ணிற் பட்டது. மறு ஆண்டிலே குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. விடுதிகள் எழுந்தன, எஞ்சிய கதை எல்லாக் கரையூர்களுக்கும் பொதுவானதே. அங்கிருந்து 6 கிலோமீற்றர் மேலே ஏறினால் பிரிஹிலியானா என்னும் மலையூர். உள்ளூர் மக்கள் ஏறும் சாதாரண பஸ் வண்டியே சிறிது நேரத்திற் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஊரின் பழைய பகுதியிலே, இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்க வேண்டிய ஒடுக்கமான படிவீதிகள் உள்ளன. பாதையிலே கூழாங்கற்கள் கோலம்போலப் பதிக்கப்பட்டுள்ளன. பிரயாணிகள் இவற்றைப் படம் பிடிக்கின்றனர். ஆனால், சுவர்களில் ஆங்காங்கே பொருத்தப்பட்டுள்ள பன்னிரண்டு மட்பலகைகளை நின்று வாசிப்போர் மிகச் சிலரே. அவ்வூரின் கதை முழுவதும் அவற்றிலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

கதையின் சாரம் வருமாறு: 1492இல் கிரனாடா இராச்சியம் வீழ்ந்தபின், அங்கிருந்த முஸ்லிம்கள் கிறித்தவராக மதம் மாற்றப்பட்டு மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர். 1567இல் இரண்டாம் பிலிப்பு மன்னனின் ஆணையொன்று அவர்தம் அரபு மொழியையும், உடையையும், பெயர்களையும், நீராடு மண்டபங்களையும் தடைசெய்தது. ஒரு மக்களின் மொழி தடுக்கப்படின் பின்னே என்ன வரும் என்பதை இம்மலரின் வாசகருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1568ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலே மலைகளிற் கிளர்ச்சி மூண்டது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், பிரிஹிலியானாவுக்கு மேலுள்ள பாறைக் குன்றிலே அரண் கொண்டிருந்தோரை ரெக்கெசென்ஸ் என்னும் தளபதியின் படை முறியடித்தது. மாண்டோர் மாண்டனர், பிடிபட்டோர் அடிமைகளாயினர். கிரனாடாவின் மொரிஸ்கோக்கள் வடபுலமெங்கும் சிதறடிக்கப்பட்டனர். 1609 முதல் 1614 வரை நாடு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர் வீடுகளில் வேறிடத்தார் குடியேற்றப்பட்டனர். இன்று நாம் வியக்கும் அப்படிவீதிகள், வெளியேறியோர் வகுத்தவை.

மனிதரை வெளியேற்றியவர்களால் அவர்தம் சொற்களை வெளியேற்ற முடியவில்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். மலைச்சரிவிலே நீர் ஓடும் வாய்க்காலை ‘அசேக்கியா’ என்கின்றனர், அரபுச் சொல். எண்ணெயை ‘அசெய்த்தே’ என்கின்றனர், அதுவும் அரபே. சீனியைக் குறிக்கும் ‘அசுக்கார்’, வடமொழிச் ‘சர்க்கரா’ பாரசீகம், அரபு வழியாக அங்குச் சென்ற உருவம். நமது சருக்கரைக்கு உறவு. தோடம்பழத்தைக் குறிக்கும் ‘நரன்ஹா’ என்பதோ திராவிட மூலத்திலிருந்து புறப்பட்டதென அறிஞர் பலர் கொள்வர். நமது நாரத்தையை நினைத்துக்கொள்க. ஊரின் முகப்பிலே பழைய பிரபுக்களின் மாளிகையொன்றில் இன்றும் கரும்புப் பாணி காய்ச்சுகின்றனர். ஐரோப்பாவில் இவ்வகை ஆலை இஃதொன்றே எஞ்சியுள்ளது எனக் கூறுவர். கத்தரிக்காய்ப் பொரியலின்மேல் அப்பாணியை வார்த்துப் பரிமாறும் வழக்கமும் உண்டு. நம்மவர் நாவுக்கு முதலில் வியப்பாயிருப்பினும், இரண்டாங் கவளத்தில் இணக்கமாகிவிடும்.

பிரிஹிலியானாவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மலைப்பாதையில் நடந்தால் அசெபுச்சால் என்னும் சிற்றூரை அடையலாம். காட்டு ஒலிவ மரத்தினாற் பெற்ற பெயர் அது. உள்நாட்டுப் போர் 1939இல் முடிந்தபின்னும், பிராங்கோவின் ஆட்சியை எதிர்த்த கரந்துறை வீரர்கள் இம்மலைகளில் நிலைகொண்டு போராடினர். இரவிலே வீரர் வந்து உணவு கேட்பர். பகலிலே சிவில் காவற்படையினர் வந்து உணவு கொடுத்தது யாரெனக் கேட்பர். இரு நெருப்புக்கும் நடுவே நின்ற உழவர் என் செய்வர்? 1948இல் ஊரார் அனைவரும் வீடுகளை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். கூரைகள் வீழ்ந்தன, சுவர்களினூடே மரங்கள் முளைத்தன. அரை நூற்றாண்டு வரை அங்கே நிலவிய அமைதி எத்தகையதென்பதை, பூட்டிய வீட்டைவிட்டுப் புறப்பட்டு ஆண்டுகள் பல கழித்து அதன் அத்திவாரத்தைத் தேடிச் சென்ற நம்மூரார் அறிவர்.

1998ஆம் ஆண்டளவில், அவ்வூரிற் பூர்வீகமுடைய ஒரு குடும்பத்தார் திரும்பிச் சென்று, முதலில் ஒரு வீட்டையும் பின்னர் ஏனையவற்றையும் கல்மேற் கல் வைத்து எழுப்பினர். இன்று அங்கே தேவாலயம் உண்டு, உணவுச்சாலை உண்டு, கதவுகளுக்குப் பக்கத்திலே பழைய குடிகளின் நிழற்படங்களும் உண்டு. இவ்வூரை மீள எழுப்பியதும் நிலைநிறுத்தியதும் அரசினரின் திட்டமன்று. பகலில் வந்து ஒரு வேளை உணவு உண்டு செல்வோரின் பணமே அவ்வுணவுச்சாலையின் அடுப்பை எரிய வைக்கின்றது.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. பிரயாணிகள் எவ்வூருக்கும் போகாதிருத்தலே நன்று என்னுங் குரல் இந்நாட்களில் ஓங்கி ஒலிக்கின்றது. அக்குரலிலும் நியாயம் இல்லாமலில்லை. குறுங்கால வாடகைக்கு வீடுகள் பறிபோவதால் தாம் குடியிருக்க இடமின்றித் தவிப்பதாகக் கூறி, 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மாலகா நகர மக்கள் பல்லாயிரவர் வீதியில் இறங்கினர். மலையூர்களிலும் இந்நோய் பரவியுள்ளது. பிற நாட்டார் வாங்கி ஆண்டின் பெரும்பகுதி பூட்டி வைத்திருக்கும் வீடுகளும் அங்கே உள. இரவிலே விளக்கெரியாத வீடுகளால் உண்டாகும் அமைதி, 1948இன் அமைதிக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆயினும், நோய்க்குக் காரணம் வீட்டை வாங்குவோரும் வாடகைக்கு விடுவோருமேயன்றிப் பகற்பொழுதுக்கு வந்து போவோரல்லர். கரையிலே உறங்கி மலையிலே உண்பவன் எவருடைய கூரையையும் பறிப்பதில்லை. ஒருநாட் பயணத்தை இழிவாகப் பேசி, அங்கேயே ஒரு மாதம் வீடெடுத்துத் தங்குவதே மேலானதென்று கூறும் நண்பர்களுடன் நாம் இவ்விடத்தில் வேறுபடுகின்றோம்.

ஒரே நிபந்தனை: நாள் முழுவதும் தங்குதல் வேண்டும். பெரிய பஸ் வண்டிகளிற் கூட்டமாகச் சென்று, ஒன்றரை மணி நேரம் நின்று, குளிர்பானப் போத்தலைக் கையோடு கொண்டுபோய்க் கையோடு கொண்டுவருபவரால் அவ்வூருக்கு விளைவது சந்தடி ஒன்றே. திறந்த கதவினூடே உள்ளிருக்கும் மூதாட்டியைப் படம் பிடித்தலும் தகாது. நம் வீட்டு விறாந்தையில் எவரேனும் அவ்வாறு செய்யின் நாம் பொறுப்போமா?

இன்னும் மேலே, 600 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலே கொம்பெத்தா என்னும் ஊர் உள்ளது. மஸ்கற் முந்திரிகைக்கும் இனிய மதுவுக்கும் பேர்பெற்றது. 1878இல் மாலகா மாகாணத்திலே பிலொக்சரா என்னும் சிறுபூச்சி தோன்றி முந்திரிகைக் கொடிகளின் வேரை அரித்தது, தோட்டங்கள் அழிந்தன, குடும்பங்கள் பல கப்பலேறின. பின்னர், 1950களிலும் 1960களிலும் மிஞ்சியோரின் பிள்ளைகள் பார்சலோனாவுக்கும் ஜேர்மனிக்கும் வேலை தேடிச் சென்றனர். இவ்வளவுக்கும் பின்னர், ஏர் பூட்டவொண்ணாச் செங்குத்துச் சரிவுகளிலே இன்றும் சிலர் முந்திரிகை பயிரிட்டு, கையாற் கொய்து, கோவேறு கழுதையில் ஏற்றி, சாய்வான களங்களிற் பரப்பி வெயிலில் உலர்த்துகின்றனர். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் இம்முறையை உலக விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. சுருங்கிய இவ்வற்றல் ஒவ்வொன்றும் காம்பிலிருந்து கையாலேயே கத்தரிக்கப்படுகின்றது.

ஆகஸ்டுப் பிற்பகுதியிலோ செப்டெம்பரிலோ செல்லும் அன்பர்கள், காலை வண்டியிலே ஏறுக. களங்களில் முந்திரிகை காய்வதைக் காண்க. வெயில் ஏறியதும் உணவுச்சாலையொன்றில் நிழல் பார்த்து அமர்க. மாலையிற் கரைக்கு மீளுமுன் வற்றல் ஒரு பெட்டி வாங்கி வருக. பெருங்கடைகளிற் கிடைப்பதினும் விலை கூடுதலே, விதையும் உண்டு.